ஏழு அங்குலத்திலிருந்து பன்னிரண்டு வரை

11 பிப்ரவரி 2007

அன்புள்ள வாத்தியாருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஒரே வகுப்பில் படித்த புருஷனுக்கு 'நீங்கள்' போட்டு எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. அதனால் 'நீ'தான், பொறுத்துக்கொள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வருகிறது. அலுவலக மின்னஞ்சலை யார் யாரோ படிக்கிறார்கள். கடிதம்தான் என்று நாம் முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதே!

அறை நாலாவது மாடியில் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேசை, சரியாக மூடாத ஒரு ஜன்னல். முதல் நாளே எங்கள் பிரிவுத் தலைவர் (எல்லாருக்கும் அவர் 'பெரியவர்') ஓர் அட்டைப்பெட்டியின் மூடியை மேசைமேல் வைத்து, "இந்த அளவுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் வேணும். எடை ஒரு கிலோவுக்குக் கீழ. சைக்கிள் வாங்க முடிஞ்சவங்க இதையும் வாங்கணும்" என்றார்.

ஆகவே எங்கள் வேலை எதையும் சேர்ப்பதில்லை, தூக்கிப் போடுவதுதான். சிடி போடும் இடம் போயிற்று. சுழலும் ஹார்ட் டிஸ்க் போயிற்று. அதற்குப் பதில் அசையாத ஒரு மெமரி சிப், நாலே நாலு ஜிபி. திரை ஏழு அங்குலம். பெயர் 'குட்டி'. கீபோர்டு என் பொறுப்பு.

ஆறு மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்டில் வீட்டில் இருப்பேன். வாண்டு கேட்டால் அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்றெல்லாம் கதை விடாதே. ஆறு வயதுக்கு அவளுக்கு எல்லாம் புரியும். தூரத்தில் இருக்கிறேன் என்றே சொல்.

அன்புடன்,
இன்ஜினியர்

---

2 டிசம்பர் 2007

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

ஆகஸ்ட் வந்து போய்விட்டது. உனக்குப் பதில் உன் குட்டி வந்து சேர்ந்திருக்கிறது. வரவேற்றோம்.

முதலில் புகார். உன் கீபோர்டில் என் விரலை ஓர் எழுத்தின்மேல் வைத்தால் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுகிறது. வலப்பக்க ஷிஃப்டை மேல் அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்த புண்ணியவதி நீதானா? கேள்வித்தாள் அடிக்க உட்கார்ந்தேன். ஷிஃப்டைத் தேடிய ஒவ்வொரு தடவையும் மேல் வரிக்குத் தாவி, மூன்றாவது கேள்விக்குள் நாலாவது கேள்வி போய் உட்கார்ந்துகொண்டது. மாணவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

இனி பாராட்டு. அழுத்தினால் இருபதே நொடியில் எழுந்துவிடுகிறது. வாண்டு எண்ணிப் பார்த்தாள். அவள் விரலுக்கு உன் கீபோர்டு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஒரு மணி நேரம் திறந்து திறந்து மூடிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இது மொத்தத்தையும் அம்மாவா செஞ்சாங்க?"

"கீபோர்டு மட்டும்."

"அப்ப மிச்சத்த செஞ்சவங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

பதிலை நீயே எழுது.

வாத்தியார்

---

20 ஜனவரி 2008

அன்புள்ள வாத்தியாருக்கு,

வாண்டு கேட்டதைப் படித்தேன். யாருமே வீட்டுக்குப் போகவில்லை என்று அவளிடம் சொல்.

குட்டி சக்கைப்போடு போடுகிறது. கடைகளில் அடுக்கிய அன்றே தீர்ந்துவிடுகிறதாம். மாணவர்களுக்கு என்று நினைத்துச் செய்தோம். வாங்குகிறவர்களோ வீட்டில் ஏற்கெனவே பெரிய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள், கைப்பைக்குள் போட இரண்டாவதாக ஒன்று வேண்டுமாம். எல்லாருக்கும் ஒரே குறை, திரை சின்னது. அதனால் அடுத்தது ஒன்பது அங்குலம். பெட்டி ஏறக்குறைய அதே அளவுதான். திரைக்கு இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கிவிட்டோம். உன் ஷிஃப்டையும் நகர்த்தச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாதியில் விட்டு வர மனம் இல்லை. ஒன்பது முடிந்ததும் வந்துவிடுவேன். இது வாக்கு.

அன்புடன்,
இன்ஜினியர்

---

12 அக்டோபர் 2008

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

யாரோ ஒரு மகராசன் எங்கள் பள்ளிக்கு இருபது குட்டி ஏழு வாங்கிக் கொடுத்திருக்கிறார். லேப் கீழே, வகுப்புகள் மேலே. மணி அடித்ததும் பிள்ளைகள் மூடியைப் பட்டென்று மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி ஓடுகிறார்கள். அணைப்பது என்ற பேச்சே கிடையாது. மேலே போய்த் திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கிறது. ஒன்று படியில் உருண்டும் பார்த்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது பத்து அங்குலம் என்றும், அதில் பழையபடி சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றும் பத்திரிகையில் படித்தேன். மூடியை மூடியதும் அந்த டிஸ்க் உடனே நின்றுவிடுமா? நிற்காது என்றால் எங்கள் பிள்ளைகளின் ஓட்டத்தை அது தாங்காது. இதை உங்கள் பெரியவரிடம் கேள்.

வாண்டுவுக்கு முன்பல் இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தன. தட்டில் சோறு அப்படியே இருக்கிறது, பேச்சு மட்டும் குறையவில்லை.

ஒன்பதுதான் வெளிவந்துவிட்டதே, இப்போது மாற்றல் கேட்டால் தருவார்களா? உங்கள் கிளை அலுவலகம் இங்கேயும் இருக்கிறது. சும்மாதான் கேட்கிறேன்.

வாத்தியார்

---

14 டிசம்பர் 2008

அன்புள்ள வாத்தியாருக்கு,

நின்றுகொண்டே எழுதுகிறேன், கோபிக்காதே. இங்கே மூச்சுவிட நேரம் இல்லை.

மாற்றல் கேட்டுப் பார்த்தேன். தரமாட்டேன் என்கிறார்கள், என்ன செய்ய?

பத்து பிரமாதமாக வந்துகொண்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் மட்டும் நூற்று அறுபது ஜிபி. புது ப்ராசஸர் சூடாகாது, பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும். கீபோர்டைக் கிட்டத்தட்ட முழு அளவுக்கு விரித்துவிட்டேன், உன் தடி விரலுக்கும் இனி கவலை இல்லை. எடை கொஞ்சம் கூடிவிட்டது, ஒன்றரைக் கிலோவை நெருங்குகிறது. விலையும் அப்படித்தான்.

வாண்டுவின் பல்லைத் தூக்கி எறிந்துவிடாதே, ஒரு டப்பாவில் போட்டு வை. நான் பார்க்க வேண்டும். பத்து வெளிவந்ததும் வருகிறேன்.

இன்ஜினியர்

---

6 செப்டம்பர் 2009

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

உங்கள் பத்து எங்கள் பள்ளிக்கும் வந்துவிட்டது, முப்பது. நல்ல இயந்திரம்தான், குறை சொல்ல மாட்டேன். என் விரல் இப்போது ஓர் எழுத்தைத்தான் தொடுகிறது. எழுந்திருக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. அதற்குள் நான் வருகைப் பதிவை முடித்துவிடுகிறேன்.

வாண்டு மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள், வகிடு மட்டும் கோணல். இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

வாத்தியார்

---

21 மார்ச் 2010

அன்புள்ள வாத்தியாருக்கு,

இதை உட்கார்ந்து, நிதானமாக எழுதுகிறேன்.

மூன்று மாதமாகப் பத்து திரும்பி வருகிறது. எல்லாம் பள்ளிகளிலிருந்துதான். அலுவலகங்கள் வாங்கியதில் ஒன்றுகூட வரவில்லை. திறந்து பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கில் கீறல், வெளியே பெட்டியில் ஒரு சிராய்ப்பும் இல்லை. பதினொரு நாள் எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். குளிரில் வைத்தோம், சூட்டில் வைத்தோம், மேசையிலிருந்து தள்ளிவிட்டோம். கடைசியில் சர்வீஸ் பிரிவுப் பெண் ஒருத்தி ஒரு பள்ளிக்குப் போய் அரைமணி நேரம் வராந்தாவில் நின்றுவிட்டு வந்தாள். "மேடம், மணி அடிச்சதும் மூடிட்டு ஓடுறாங்க. அவ்வளவுதான்" என்றாள்.

மூடியை மூடிய பிறகும் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டு நிற்க ஏழு நொடி ஆகிறது. அந்த ஏழு நொடியில் உன் பிள்ளைகள் பாதிப் படி ஏறிவிடுகிறார்கள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அறைக்கு வந்து கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்து உன் கடிதங்களைத் தேடினேன். அக்டோபர் 12. பத்து கடைக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே கேட்டிருக்கிறாய். பெரியவரிடம் கேள் என்று வேறு எழுதியிருக்கிறாய். நான் பல்லைப் பற்றிப் பதில் எழுதினேன், மாற்றலைப் பற்றி எழுதினேன், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன் கடிதங்களை நான் எப்படிப் படிப்பேன் தெரியுமா? 'எப்போது வருகிறாய்' என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேடுவேன். அதற்கு என்ன சாக்கு எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே மிச்சத்தைத் தாண்டிவிடுவேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி படித்தேன். கடைசிக் கடிதத்தில் அந்த வரியே இல்லை. அதை நீ நிறுத்தியதுகூட எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஏன் நிறுத்தினாய்?

உன்,
இன்ஜினியர்

---

5 ஜூன் 2011

அன்புள்ளவனுக்கு,

போன வருடம் நான் கேட்ட கேள்விக்கு நீ நாலு வரியில் பதில் எழுதினாய், 'வேலையைப் பார், அப்புறம் பேசலாம்' என்று. அதற்குப் பிறகு நாம் எழுதிக்கொண்டதெல்லாம் வாண்டுவின் மார்க்கும் மழையும்தான்.

நேற்று குட்டி வரிசையை நிறுத்திவிட்டார்கள். பத்துக்குப் பிறகு பன்னிரண்டு வந்தது, உனக்குத் தெரியும். அதைச் சாதாரண லேப்டாப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எங்களுக்கே தடுமாறியது, விலையிலும்தான். கீபோர்டே இல்லாத, திரையைத் தொட்டே இயக்கும் பலகைகள் வந்துவிட்டன, சின்னதாக வேண்டும் என்கிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியவர் எல்லா மாதிரியையும் மேசையில் வரிசையாக அடுக்கினார். "எங்கய்யா தப்பு பண்ணோம்?" என்று கேட்டார். தப்பு என்று ஒன்றைக் காட்ட முடியாது. கொஞ்சம் பெரிய திரை, கொஞ்சம் அகலக் கீபோர்டு, கொஞ்சம் அதிக இடம் என்று ஒவ்வொரு தடவையும் யாரோ நியாயமாகத்தான் கேட்டார்கள். என் ஆறு மாதங்களும் அப்படித்தான் வளர்ந்தன.

இனி எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு மாதிரியும் பாக்கி இல்லை, ஆகவே உண்மையைச் சொல்கிறேன். ஒன்பது முடிந்தபோது ஊருக்கு மாற்றல் வேண்டுமா என்று அவர்களாகவே கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நான்தான். உன்னிடம் பொய் சொன்னேன்.

அந்த வீட்டில் நான் எதைச் செய்தாலும் பாதியில் நிற்கும். உன் அம்மா கூப்பிடுவார்கள், குக்கர் கூப்பிடும், நீ கூப்பிடுவாய். இங்கே முதல் தடவையாக ஒன்றை முழுதாகச் செய்து முடித்தேன். அந்த ருசி விடவில்லை. பிறகு நாள் ஆக ஆக, வாண்டுவின் முகத்தைப் பார்க்கவே பயம் வந்துவிட்டது. பள்ளி விடுமுறைகளில் நீங்கள் வருகிறோம் என்றபோதெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன்.

நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வரமாட்டேன். ஆனால் நீங்கள் இருவரும் இல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இங்கே வருகிறாயா என்று நான் உன்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். முடியாது என்றால் அதையும் எழுது, நான் புரிந்துகொள்கிறேன்.

உன்,
நான்

---

3 ஜூலை 2011

அன்புள்ளவளுக்கு,

நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும். 'மாற்றல் வேண்டாம் என்ற தங்கள் விருப்பம் ஏற்கப்பட்டது' என்று உங்கள் அலுவலகம் ஒரு நகலை நிரந்தர முகவரிக்கு, அதாவது என் கைக்கு, அனுப்பி வைத்தது. 2008 செப்டம்பர். அதற்குப் பிறகுதான் நான் 'சும்மா' கேட்டேன். உன் பதிலைப் படித்துவிட்டு அடுத்த நாள் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

நானும் யோக்கியன் இல்லை. அதே மாதம் நீ வேலை செய்யும் ஊரில் ஒரு பள்ளி என்னைக் கூப்பிட்டது. உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று ரகசியமாகத்தான் விண்ணப்பித்திருந்தேன். நகல் வந்தது, நான் அந்தப் பள்ளிக்குப் பதிலே போடவில்லை. நீ முதலில் உண்மையைச் சொல்லட்டும் என்று வீம்பு. கடிதம் பிரிக்கும்போதெல்லாம் இதிலாவது சொல்லியிருப்பாயா என்று பார்ப்பேன். நீ ஒரு வரியைத் தேடிப் படித்தாய், நான் வேறொரு வரியைத் தேடிப் படித்தேன். வாண்டுவுக்கு இதில் எந்த வரியும் இல்லை. மூன்று வருடம் அவளுடையதும் சேர்ந்து போயிற்று, அதற்கு நானும் பொறுப்பு.

வரமாட்டேன் என்று நீ எழுதியதைப் படித்தபோது கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகைதான் வந்தது. மறுநாள் அந்தப் பள்ளிக்குப் போன் செய்தேன். ஆசிரியர் இடம் இல்லையாம், லேப் உதவியாளர் இடம்தானாம். சரி என்றேன். அம்மா, என் தங்கை வீட்டில் இருந்துகொள்கிறேன் என்கிறாள். "போ, எனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்றாள், அவள் பாணியில்.

இருபத்து நாலாம் தேதி காலை பத்தரை மணி ரயிலில் வருகிறோம். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள். வாண்டு இரண்டு வருடமாக நீ எப்போது வருவாய் என்று கேட்பதில்லை. உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். இதை நான் உனக்கு எழுதாமல் இருந்தேன். கூட வருகிறாயா என்று கேட்டதற்கு, "நீங்க போனா நானும் வரணும்தானே" என்றாள். அவ்வளவுதான் சம்மதம்.

அதனால் நாங்கள் ரயிலிலிருந்து இறங்கியதும் ஓடி வந்து கட்டிப்பிடிக்காதே. அவள் ஒதுங்கிக்கொள்வாள், நீ அழுவாய், ஸ்டேஷனே வேடிக்கை பார்க்கும். பக்கத்தில் வந்து நில். அவள் தோளில் கனமான பை ஒன்று இருக்கும், யாரிடமும் கொடுக்கமாட்டாள். கொடு என்று சொல்லாதே, வெறுமனே கையை நீட்டு. கொஞ்ச நேரம் ஆகும். நீட்டிய கையை மட்டும் எடுத்துவிடாதே.

வாத்தியார்