என் பெயர் வைத்த வண்டு

பிப்ரவரி 4

அன்புள்ள ஊசிக்கு,

இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. அருங்காட்சியக வேலைக்குப் போனதும் பள்ளிக்கூட டீச்சர் கண்ணுக்குத் தெரியவில்லையாக்கும். போகட்டும், உன் குதிகால் வலி தேவலையா?

இத்துடன் எட்டு வண்டுகள். பள்ளிக்குப் பின்னால் மக்கிய இலைகளை ஆறு வருஷமாகச் சலித்துப் பிடித்தவை. அரைச்சட்டை போட்டதுபோல் சிறகு பாதி முதுகைத்தான் மூடுமே, அந்தக் கூட்டம். இனத்தைக் காட்டிக்கொடுப்பது ஆண் வண்டின் பிறப்புறுப்புதானே, அதைப் பிரித்துப் பார்த்தேன். நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லை, புது இனமாகத்தான் இருக்கவேண்டும். படமும் விவரமுமாகப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். கட்டுரையில் நம் இருவர் பெயரும் வரட்டும். என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு சந்தேகம். நூறு வருஷத்துக்கு முன் பெயரிட்ட ஒரு வண்டுக்கு நாலு வரி விவரம்தான் இருக்கிறது, நம்முடையது அதுவாகவே இருந்துவிட்டால்? அன்று பெயரிடப் பார்த்த அந்த மூல வண்டையே இரவல் வாங்கிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிடாதே.

உன் பூதக்கண்ணாடி

செப்டம்பர் 19

என் பூதக்கண்ணாடிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. கட்டுரை வந்துவிட்டது. வண்டுக்கு உன் பெயரையே வைத்துவிட்டேன்!

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது நம் தொழிலில் கேவலம், உனக்குத் தெரியாததா? அதனால் எழுதியவர் வரிசையில் உன்னைச் சேர்க்க முடியவில்லை. நன்றியில் இருக்கிறாய். அந்தப் பழைய வண்டு வர மாதக்கணக்காகும் என்றார்கள். எங்கள் இயக்குநரோ, "வருஷம் முடியறதுக்குள்ள ஒரு புது இனமாவது காட்டுங்கம்மா" என்று உயிரை எடுத்தார். கோபித்துக்கொள்ளாதே.

உன் ஊசி

செப்டம்பர் 30

ஊசி,

என் பெயரை வைக்கச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது?

என் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. நன்றியில் நான் "வண்டுகளைச் சேகரித்துத் தந்த பள்ளி ஆசிரியை". தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும், "என்ன டீச்சர், பூச்சிக்கு உங்க பேராமே" என்று சிரிக்கிறார். மாலை போட்டு வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டாய்.

பழைய வண்டை இரவல் கேட்டு நானே எழுதிப் போடுகிறேன்.

மார்ச் 11

அடியே,

என் கட்டுரையை மறுத்து நீ அனுப்பிய குறிப்பைப் பத்திரிகை ஆசிரியர் எனக்குக் காட்டினார். தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள். என் பதவி உயர்வு இந்த வண்டை நம்பித்தான் இருக்கிறது. உனக்கும்தானே நஷ்டம்? அந்தப் பெயர் உன்னுடையதுடி. அடுத்த கட்டுரையில் உன் பெயரை முதலில் போடுகிறேன், சத்தியமாக.

ஊசி

மார்ச் 20

அருங்காட்சியகப் பூச்சிப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

தலைமையாசிரியர் பொறுப்புக் கையெழுத்துப் போட்டதால் அந்த மூல வண்டு பள்ளிக்கே வந்தது. அனுமதி வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. நம் வண்டு புதிதல்ல. நூறு வருஷமாகப் பெயரோடு இருப்பது. ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆறு வருஷம் அல்லவா?

குறிப்பைத் திரும்ப வாங்க மாட்டேன். ஒன்றரைப் பக்கம்தான். நீங்கள் வைத்த பெயர் இனிச் செல்லாது என்று அதில் இருக்கிறது. எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

உங்களையும் மறக்கவில்லை. நன்றியில், "வண்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்" என்று சேர்த்திருக்கிறேன். எட்டும் அங்கேயே இருக்கட்டும். பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வண்டுகளைச் சேகரித்துத் தந்த பள்ளி ஆசிரியை