தவிட்டுக்கு வாங்கிய பெயர்

ஐப்பசி 8, புதன்

விடியற்காலம் முதல் மழை. கொடியில் துணி மூன்று நாளாகக் காயவில்லை. பாவாடையில் ஈர வாடை. பள்ளிக்கூடம் பாதி நாள்.

படிக்க வேண்டியவை: பூகோளம், நான்காம் பாடம். தசம பின்னம். சங்கீதப் புஸ்தகம் கூடப் படிக்கிற ரெபேக்காளிடம் இருக்கிறது, வாங்க வேண்டும்.

மத்தியானம் அ. துணிக்கடையிலிருந்து பாதியில் வந்தான். (அ. என்றால் அண்ணன். இனி இப்படித்தான்.) குடையை மடக்காமலே உள்ளே வந்தான். பத்திரிகை அச்சாபீஸில் நேற்று போலீஸ் நுழைந்ததாம். ஆசிரியரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள் எல்லாம் ஒரு பெட்டியில் போலீஸ் கைக்குப் போயிற்றாம். ‘நாணல்’ எழுதியது யார் என்றே முதல் கேள்வி.

நாணல் அ. தான். கலெக்டரின் சேரன்மகாதேவி முகாமுக்கு வண்டிகளைக் கூலியில்லாமல் பிடித்துப் போனதையும், ஒரு வண்டிக்காரரின் காளை வழியில் விழுந்து செத்ததையும் எழுதினவன். அவன் எழுத்து கோழி கிளறினது போல் இருக்கும். ஆகவே அச்சுக்குப் போன பிரதி என் கையெழுத்து. ஐந்து கட்டுரையும். ஒவ்வொரு எழுத்தும் முத்து மாதிரி இருக்க வேண்டுமென்று பார்த்துப் பார்த்து எழுதினேனே!

அதோடு, அ. ஒரு கடிதத்தில் சொந்தப் பெயரும் தெருப் பெயரும் போட்டிருக்கிறான். பத்திரிகை வந்தால் தபாலாபீஸிலேயே போய் வாங்கிக்கொள்கிறவன், அன்று ஏன் அப்படிப் போட்டானோ.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். கோடு போடுகிறேன்.

ஐப்பசி 9, வியாழன்

தூறல். நேற்று தூக்கம் இல்லை.

எழுதினால் மனம் தெளியும். அ. வுக்கு மூன்று பெயர்.

பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ——. அது அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். மாமனார் பெயரை அம்மா சொல்லக்கூடாது. அதே பெயரில் மலையடியில் ஓர் ஊர் உண்டு. அதைக்கூட ‘அந்த அருவிக்குப் போற வழி ஊர்’ என்றே சொல்லுவாள்.

அ. வுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இவன் பிறந்ததும் மூக்குக் குத்தி, அடுத்த வீட்டு இசக்கி அத்தை கையில் கொடுத்து, ஒரு படி தவிடு அளந்து திரும்ப வாங்கினார்களாம். ஆகவே தவிடு. தெருவுக்கும் தவிடு, கடைக்கும் தவிட்டு அண்ணாச்சி. அவனுக்கு அந்தப் பெயர் ஆகாது. யோசிக்கும்போது மூக்குத் துளையை விரலால் மூடிக்கொள்வான்.

மூன்றாவது அவனே வைத்துக்கொண்டது.

சாயங்காலம் ஏட்டையா தெருவில் வந்தார். நான் ஜன்னல் ஓரம். இசக்கி அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, இங்கன ——ன்னு ஒருத்தன் இருக்கானா?”

“அப்படி யாரும் இல்லையே. அந்தப் பேரை நான் கேட்டதே இல்ல ஏட்டையா. எதுத்த தெருவுல கேளும்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“நான் வாக்கப்பட்டு முப்பது வருஷமாச்சு. எனக்குத் தெரியாத ஆளு இந்தத் தெருவுல எவன் வே?”

அவள் பொய் சொல்லவில்லை. அவனை மடியில் போட்டு வாங்கினவள். அவன் பெயர் அவளுக்குத் தெரியாது!

ஆனால் ஒருத்திக்குத் தெரியும். ரெபேக்காளுக்கு. ஆவணி மாதத்தில் நான்தான் பெருமை தாங்காமல் சொன்னேன், நாணல் யார் தெரியுமா என்று, முழுப் பெயரோடு. அவள் அப்பா போலீஸ் ஆபீஸில் ரைட்டர்.

ஐப்பசி 10, வெள்ளி

மழை விட்டது. ஆற்றில் செந்நீர் என்கிறார்கள்.

வகுப்பில் கட்டுரை. வேண்டுமென்றே எழுத்தைக் கோணலாக்கினேன், எல்லாம் இடப்பக்கம் சாய, கொம்பு நீள. டீச்சரம்மா நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்கள். “கோமதி, இது எழுத்தா, செத்த பூரானா?” சிரிப்பு. நான்கு பக்கம் திரும்ப எழுத உத்தரவு. நான்கையும் கோணலாகவே எழுதினேன். கையில் இரண்டு அடி.

ரெபேக்காள் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வேளையில் வேப்ப மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“எங்கப்பா நேத்து கேட்டாவ. உன் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அண்ணன்மாரு உண்டாட்டி, பேரு என்னன்னு.”

சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டேன்.

“எனக்கு ஒரு பேரும் ஞாபகம் நிக்காதுப்பான்னுட்டேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்.” பிறகு, “நீ மட்டும் என்ன, எங்க அத்தை இன்னும் என்னை ஞானஸ்நானத்துக்கு முந்தின பேரால பேச்சின்னு கூப்பிடுதத யாருக்கும் சொல்லாம இருக்கேல்லா” என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சங்கீதப் புஸ்தகம் கேட்க மறந்துபோயிற்று.

வீட்டில் சண்டை. அ. தானே போலீஸ் கச்சேரிக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறானாம்.

“அந்த மனுசரு என் பேரைச் சொல்லாம உள்ள கெடக்காரு. நான் துணி அளந்துக்கிட்டு நிக்கணுமா?”

அம்மா: “ஏய்யா, மெதுவாப் பேசு.”

“என் பேரை எவனாவது ஒருத்தன் சத்தமாக் கூப்பிடுதானேம்மா. இருவத்தியொரு வருஷத்துல நீ ஒரு நாள் சொல்லியிருக்கியா? போலீசுக்காரன்தான் சொல்லுதான்.”

அம்மா அரிசியில் கல் பொறுக்கினாள். கல்லே இல்லாத அரிசி.

அப்பா போனபின் இவன் சம்பளத்தில்தான் படிக்கிறேன்; இவன் போனால் என் படிப்பும் போகும். பெரிய மாமா மாப்பிள்ளை பார்த்துவிடுவார். இதை நினைத்ததற்காக வெட்கம்.

ஐப்பசி 11, சனி

வந்துவிட்டார்கள்.

காலை பத்து மணி. ஏட்டையாவும் ஓர் இன்ஸ்பெக்டரும். இன்ஸ்பெக்டர் பெல்லாரிப் பக்கத்தவராம், தமிழ் தட்டுத்தடுமாறி வருகிறது. தெருவில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அ. கடையில். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால். நான் தூணோடு தூணாக.

“இந்த வீட்டில் —— யார் அம்மா?”

அம்மா கதவை இன்னும் ஒருக்களித்தாள்.

ஏட்டையா: “ஐயா கேக்காவல்லா. அந்தப் பேருல இங்க யாரு?”

“அந்தப் பேரை நான் வாயால சொல்லக்கூடாதுய்யா. எம் மாமனாரு பேரு.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “மாமனார்! எங்கே அவர்?”

“சிந்துபூந்துறையில எரிச்சாச்சு. வார தையில பதினேழு வருஷம்.”

நோட்டில் ஏதோ எழுதி அடித்தார். “மகன்?”

நான் தூணை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

“தவிட்டுக்கு வாங்கின பிள்ளை ஒண்ணு இருக்கு. துணிக்கடையில நிக்கான்.”

“தவிடு? என்ன அது?”

ஏட்டையா இந்த ஊர்க்காரர். மேலப்பாளையம் பாதையில் வீடு. அவர் மூக்கிலும் குத்தின துளை ஒன்று உண்டு. என்னைப் பார்த்தார். என் விரல் மையைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்: “வாங்கின பிள்ளைங்கய்யா. சொந்தப் பேரன் இல்ல.”

“எழுதத் தெரியுமா அவனுக்கு?”

அம்மா அவசரப்பட்டுவிட்டாள். “எம் மவ தான் எழுதுவா.”

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் முத்து முத்தான எழுத்து! அடியில் நாணல். அதை முழங்காலில் வைத்துக்கொண்டு, என்னிடம் பேனாவை நீட்டினார். “எழுது. உன் பெயர், ஊர், ஆற்றின் பெயர்.”

உட்கார்ந்தேன். நேற்று அடி வாங்கின கோணலை அப்படியே கொண்டுவந்தேன். கோமதி. திருநெல்வேலி. தாமிரபரணி. எல்லாம் இடப்பக்கம் சாய, கொம்பு நீள. கடைசியில் மை கொட்டியது, அது மட்டும் தானாக.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “பள்ளிக்கூடத்தில் இதற்கா சம்பளம் கட்டுகிறீர்கள்?” என்று எழுந்துவிட்டார்.

ஏட்டையா கடைசியாகப் படியிறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டே, கதவைப் பார்த்து: “பழைய பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரைத் திங்கக்கிழமை பாக்கப் போறாங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லலை.”

ஐப்பசி 12, ஞாயிறு

வெயில், அதிசயமாய்.

அ. வுக்கு இன்னும் பிடிவாதம். அம்மா ஒன்றே சொன்னாள்: “நான் நேத்து ஒரு பொய்யும் சொல்லலை. நீ போய்ப் பேரைச் சொன்னா, நான் சொன்னதெல்லாம் பொய்யாப் போவும். உன் தங்கச்சி எழுதினதும்.”

வெகுநேரம் மூக்கை மூடிக்கொண்டிருந்தான், பிறகு ஊரை விட்டுப் போகச் சம்மதித்தான்.

கடை முதலாளியின் துணி மூட்டை வண்டியில் தூத்துக்குடி. அங்கிருந்து கொழும்புக் கப்பல். முதலாளிக்கு அங்கே கடை இருக்கிறது. எடுத்துக்கொண்டவை: இரண்டு வேட்டி, ஒரு சட்டை, எள்ளுருண்டை. பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டான்.

மத்தியானம் மூன்று மணிக்கு வண்டி. இசக்கி அத்தை வாசலில் நின்று, “ஏலே தவிடு, வெங்காயம் வாங்கிட்டு வாலே” என்றாள். கடைவீதிக்குப் போகிறான் என்று நினைத்திருக்கிறாள்.

“வாங்கிட்டு வாரேன் அத்தை” என்றான்.

அம்மா உள்ளே இருந்து வரவில்லை.

கார்த்திகை 4, திங்கள்

மறுபடி மழை. கணக்கில் 78. டீச்சரம்மா என் எழுத்து தேறிவிட்டது என்கிறார்கள்.

ஆசிரியரை இன்னும் விடவில்லை. அண்ணன் போன மறுநாள் திங்கட்கிழமை ரிஜிஸ்தர் பார்த்தார்களாம், மறுநாள் மறுபடி வந்தார்கள், அம்மா அதே பதில். வீட்டில் ஆளில்லை என்று போய்விட்டார்கள்.

இன்று கார்டு, என் பெயருக்கு. கோழி கிளறின எழுத்து. சுகம், சோறு கிடைக்கிறது, கடலைப் பார்த்தால் முதலில் பயம் பிறகு பழகிவிட்டது, கோமு படிப்பை நிறுத்தக்கூடாது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். “கடைசியில என்ன பேரு போட்டிருக்கான்?”

“தவிடுன்னு.”

“கோவமா எழுதியிருக்கானாட்டி?”

“இல்லம்மா. கொட்டை எழுத்துல போட்டிருக்கான்.”

கார்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான் பூகோளத்தை எடுத்து வைத்துக்கொண்டேன், இலங்கைப் படம். கொஞ்ச நேரம் கழித்து அவள் உதடு அசைந்தது. தவிடு இல்லை. மற்றப் பெயர். முதல் எழுத்து எனக்கு நன்றாகக் கேட்டது.

நான் நிமிர்ந்தேன். நிறுத்திவிட்டாள்.

“கொடியில துணி நனையுது, போய் எடுட்டி.”

எடுத்தேன்.