வலையைச் சுருட்டியது நான்தான்

அக்கா,

விடியற்காலையில் தோட்டத்தில் இலை அறுத்தேன். மதியம் தாண்டிவிட்டது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் இருந்து அந்த வாசனை போகவில்லை. சமையலறையில் இதை முந்திரி வாசனை என்கிறார்கள், சிலர் கடுகு என்கிறார்கள். நீங்கள் முதல் நாள் ஓர் இலையைக் கசக்கி மூக்கருகே பிடித்துவிட்டு, "கட்சால்ல ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற கொட்டாய் நாத்தம் புள்ள. இதையா காசு குடுத்துத் திங்கிறாங்க?" என்றீர்கள். அன்று முதல் எனக்கு இது வேறு எதுவாகவும் மணக்கவில்லை. நான் கால் வைத்தே இராத ஒரு தீவின் ரப்பர் புகை என் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் இறந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இறந்தவர்களைக் கோபிக்கக் கூடாது என்கிறாள் அம்மா. நான் கோபமாகத்தான் இருக்கிறேன்.

ஹேவ்லாக் தீவில் இந்த ரிசார்ட்டுக்கு நான் வந்தபோது என் வேலையின் பெயர் 'கார்டன் எக்ஸிகியூட்டிவ்'. ராமநாதபுரத்தில் இருந்து கொத்து வேலைக்கு போர்ட் பிளேர் வந்தவரின் மகள் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலைக் கண்ட முதல் ஆள். தாவரவியல் படித்தவள், ஆனால் ஒரு கீரைப்பாத்தியைக்கூடக் கையால் கொத்தியதில்லை. உங்கள் வேலையின் பெயர் 'ஹெல்பர்'. என்னைவிட இருபது வயது மூத்தவர், தோட்டம் முழுக்க உங்கள் கையில். பெயர் கேட்கும் முன்பே எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டீர்கள்.

"வாங்க டிகிரி. இந்த முள்ளங்கித் தழைக்கு என்னா பேரு?"

"அருகுலா. சாலட்ல பச்சையாப் போடுற கீரை. கிச்சன்ல ராக்கெட்னு சொல்லுவாங்க."

"ராக்கெட்டா? எங்க போகுதாம்?"

எனக்குச் சிரிக்கக்கூட வெட்கமாக இருந்தது. நீங்கள் அதையும் கவனித்தீர்கள்.

சமையலறை ஆட்கள் அதுவரை செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுபோனார்கள். உங்களால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பாத்தி ஓரம் முட்டி போட்டு, வெளி இலைகளை மட்டும் இடது கையில் சேர்த்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பில் அறுத்துக் காட்டினீர்கள். நடுக்குருத்து அசையவே இல்லை. "ரப்பர் மரத்துல தோலை மட்டுந்தான் சீவணும். உள்கட்டைல காயம் பட்டா மரம் கெட்டுரும். இதுவும் அப்படித்தான், குருத்தத் தொடாத." ஒரு செடியில் நாலு தடவை அறுத்தோம். கட்சாலில் ரப்பர் பால் வெட்டிய பழக்கத்தில் நீங்கள் வெயில் ஏறும் முன்பே வந்துவிடுவீர்கள். குளிர்ந்த நேரத்தில் அறுத்த இலை மாலை வரை விறைப்பாக நிற்கும். அதற்கும் முன்னால் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு நத்தை பொறுக்குவோம். உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தைகள், உப்புத் தண்ணீர் வாளியில் விழும். "சண்டைக் காலத்துல கொண்டாந்த ஜப்பான்காரன் போறப்ப இதையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்று ஒவ்வொரு வாளிக்கும் திட்டுவீர்கள்.

பாத்திக்கு நிழல் தரும் பச்சை வலை விஷயத்தில்தான் நீங்கள் கறார். காலை ஒன்பது மணிக்கு வலையை இறக்க வேண்டும், மூன்றரைக்குச் சுருட்டி மேலே கட்ட வேண்டும். நடுவில் யார் படமெடுக்கக் கேட்டாலும் கிடையாது. ஏன் என்று கேட்டால், "ஏன்னா சுடும்" என்பீர்கள். அவ்வளவுதான் உங்கள் விளக்கம்.

போன பிப்ரவரியில் உங்கள் தங்கச்சி வீட்டுக்கு போர்ட் பிளேர் போனீர்கள், ஒரு வாரம். விதைப் பாக்கெட்டில் 'முழு வெயில்' என்று அச்சடித்திருந்தது. இலைகள் வெளுத்து நீண்டிருப்பது நிழலால் என்று எனக்குத் தோன்றியது. அது ஏதோ குளிர்நாட்டு வெயிலுக்கு எழுதியது என்று யோசிக்கத் தெரியாமல், அந்த ஒரு வாரமும் வலையைச் சுருட்டியே வைத்தேன். நீங்கள் திரும்பி வந்ததும் கரும்பச்சை இலையைக் காட்டி, "டிகிரிக்கு ஏதோ தெரியுது" என்று உங்கள் வாயால் கேட்க ஆசைப்பட்டேன்.

வந்தீர்கள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னா புள்ள, மொட்டையடிச்சு வெயில்ல நிறுத்தி வச்சிருக்க?" பாத்தி முழுக்கத் தண்டு எழும்பி மொட்டு கட்டியிருந்தது. ஓர் இலையைக் கிள்ளி மென்று துப்பினீர்கள். "காறுது. நாளைக்குக் கல்யாண விருந்துக்கு இது ஆகாது. போயி செஃப்புகிட்ட சொல்லிட்டு வா."

போனேன். சமையலறை வாசலில் நின்றேன். அவர் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்து, "க்யா?" என்றார். "குச் நஹி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒன்றுமில்லை என்றேன் அக்கா. உங்களிடம் வந்து, சொல்லிவிட்டேன் என்றேன். மறுநாள் நீங்கள் அந்தப் பக்கம் இல்லாத நேரத்தில் சமையலறை ஆட்கள் வந்து இலையை அறுத்துக்கொண்டு போனார்கள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விருந்துக்கு அடுத்த நாள் காலை மேனேஜர் தோட்டத்துக்கே வந்துவிட்டார். எல்லாத் தட்டிலும் அந்த இலை மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததாம், பெண் வீட்டார் அவரையே கூப்பிட்டுக் கேட்டார்களாம். பூத்து நின்ற தண்டுகளைக் காட்டி, "ஜால் கிஸ்னே ஹடாயா?" என்று கேட்டார். வலையை எடுத்தது யார்?

என் வாய் காய்ந்தது. நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டேன். அது நினைவிருக்கிறது. நான் பேச ஆயத்தமானேன் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அதற்குள் உங்கள் குரல் வந்துவிட்டது, இந்தத் தீவு இந்தியில், ஏதோ வாளி கேட்பதுபோலச் சாதாரணமாக: "ஹம் ஹடாயா சார்." நான்தான் எடுத்தேன் என்றீர்கள்.

அன்று மதிய ஃபெரியிலேயே உங்களை அனுப்பினார்கள். ஃபெரி நிற்கும் ஜெட்டி வரை ஓடி வந்தேன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? நான் சொல்லியிருப்பேன்."

"நீ வாயத் தொறக்கிறதுக்குள்ள ஃபெரி போயிரும் புள்ள." சிரித்தீர்கள். "எனக்கு எங்க போனாலும் மம்பட்டி கெடைக்கும். ஒங்கப்பன் ஊரு பூரா சொல்லி வச்சிருக்கான், மக ரிசார்ட்டுல ஆபீசருன்னு. போ, ஒம்பது மணி தாண்டி எவ்வளவு நேரமாச்சு, இன்னும் நெட்ட எறக்கல நீ."

எல்லாரும் கேட்டால் நல்ல மனசு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பேசமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டீர்கள். சமையலறை வாசலில் நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னைக் கேட்கவில்லை, திட்டவில்லை, என் இடத்தில் நின்று பேசிவிட்டுப் போய்விட்டீர்கள். ஒரு நிமிடம், அக்கா. ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால் நான் பேசியிருப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரிந்திருக்கும். கோழை என்றால் கோழை என்று தெரிந்துகொண்டு வாழ்ந்திருப்பேன். அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினீர்கள்.

மழை தொடங்கியதும் உங்கள் தங்கச்சி கூப்பிட்டார். மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். கடல் சரியில்லை என்று மூன்று நாள் ஃபெரி ஓடவில்லை. நாலாம் நாள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் தங்கச்சி எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, "நீங்கதான் டிகிரியா?" என்று கேட்டார். அங்கேயும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இந்த சீசனில் தோட்ட வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் என் படம், கையில் இலைக்கூடை. தினமும் எட்டு மணிக்கு விருந்தாளிகளை நான் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டாவது பாத்தியில் குனிந்து, குருத்தை விட்டு அறுத்துக் காட்டுவேன். "இது எங்கள் பட்டதாரியின் சொந்த முறை" என்பார் மேனேஜர்.

இன்று அதைச் சொல்ல அவரை விடவில்லை. அவருக்கும் விளங்க வேண்டும் என்று இந்தியிலேயே ஆரம்பித்தேன். இது என் முறை இல்லை, கட்சாலில் ரப்பர் வெட்டிய ஓர் அக்காவின் கை. போன வருடம் கல்யாணத்துக்கு இலை கசந்ததும் அவரால் இல்லை, வலையைச் சுருட்டியது நான்தான், வேலை போனது அவருக்கு. பாதியில் குரல் உடைந்தது. நிறுத்தி, மறுபடி முதலில் இருந்து சொன்னேன். ஆறு பேர் நின்றார்கள். ஓர் அம்மா தலையாட்டிவிட்டுப் பாத்தியைப் படமெடுத்தார்.

என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று நேற்றே துணிகளை மடித்துப் பையில் வைத்திருந்தேன். எல்லாரும் போன பிறகு மேனேஜர் தண்ணீர்த் தொட்டி அருகில் என்னை நிறுத்தினார். கோபம் இல்லை. நெற்றியைச் சுருக்கி, "கோன் வாலி?" என்றார். எந்தப் பெண் என்று கேட்கிறார். உங்கள் பெயரைச் சொன்னேன். இன்னும் யோசித்தார். அப்பா பெயரோடு சேர்த்து முழுதாகச் சொன்னேன். "அச்சா" என்றார். பிறகு, விருந்தாளிகளுக்குச் சோகக் கதை பிடிக்காது, நாளையில் இருந்து விட்டமின் பற்றிப் பேசு என்றார். பலகையில் இருந்து என் படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். பெயின்டர் வரட்டும் என்றார்.

இவருக்காகவா அக்கா? ஒரு வருடம் நான் தூக்கம் கெட்டுச் சுமந்த காலையை மறந்தே போன இந்த ஆளிடமா உங்கள் பெயரைக் கொடுத்தீர்கள்?

பையைப் பிரித்துத் துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டேன். நீங்கள் ஜெட்டியில் சொன்னது சரிதான். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபெரி போய்விட்டது. ஆனால் திறந்தேன். அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள், நீங்கள் இல்லை. மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கோபம் ஆறட்டும், அப்புறம் கேட்கிறேன். அடுத்த ஃபெரியில் போர்ட் பிளேர் போய் உங்கள் தங்கச்சியிடம் சொல்லப்போகிறேன், டிகிரி செய்த வேலை இதுதான் என்று.

மணி மூன்று இருபத்தைந்து. போய் வலையைச் சுருட்ட வேண்டும்.