கடை பஜ்ஜியும் கறுப்புக் கண்ணாடியும்

சனி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாளை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பாண்டிச்சேரி வரன், பெயர் சரவணன். பார்லர். நீலப் புடவை அயர்ன். வாழைக்காய் பஜ்ஜி, கேசரி – கடையில் சொல்லியாயிற்று. எனக்கு வெந்நீர்தான் ஒழுங்காக வைக்க வரும். அம்மா: "பொண்ணே செஞ்சதுன்னு சொல்லிக்கலாம், இன்னா இப்போ?" முப்பத்திரண்டு வயது. இதுவும் தட்டிப்போனால் நைனா என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்.

ஞாயிறு

வந்தான். வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. காபியை மோந்து பார்த்து, "அரோமா கம்மி." கேசரிக்கு ஃபோர்க் கேட்டான். எங்கள் வீட்டில் ஏது ஃபோர்க்? வருஷா வருஷம் இமயமலையில் ட்ரெக்கிங்காம்.

போஸர். பந்தா விடுகிறவனுக்கு பிரெஞ்சுக்காரன் கொடுத்த சொல். போன வாரம்தான் போனில் படித்தேன். அதற்குள் ஆள் வீடு தேடி வந்துவிட்டான்.

"இமயமலையே ஏறறீங்க, எங்க செஞ்சிக் கோட்ட இன்னா பெரிசு?" வேண்டுமென்றே கேட்டேன். என் தம்பியைத் துணைக்கு வைத்து எங்களைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். அவன் அடிவாரத்திலேயே போனோடு உட்கார்ந்துவிட்டான். பாதிப் படியில் மாப்பிள்ளைக்கு நாய் மாதிரி இரைப்பு. குரங்கு ஒன்று கண்ணாடியைப் பிடுங்கியது. "அம்மா" என்று அலறி, தரையில் உட்கார்ந்தான். எல்லாம் வீடியோ எடுத்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "மலையெல்லாம் ஏறனதே இல்லீங்க. அக்காதான் இப்படிலாம் பேசச் சொன்னாங்க. வரும்போது பஸ் ஸ்டாண்டாண்ட உங்க தம்பி பஜ்ஜி வாங்கறத பாத்தேன். எங்க வீட்ல சொல்லல. பயத்துலதானே எல்லாரும் பண்றோம்."

கண்ணாடி இல்லாமல் நல்ல முகம். பிடித்துவிட்டது. ஆனால் கடை பஜ்ஜி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதே. அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர் குரூப்பில் வீடியோவைப் போட்டேன். மேலே, ‘இமயமலை வீரர்’. ஒரே சிரிப்பு. சித்தி அதை அவன் அக்காவுக்கே அனுப்பிவிட்டாள்.

திங்கள்

வானம் மூடாக்கு. மழை இல்லை. தரகர் போன், அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "ஜாதகம் ஒத்து வரலன்னு சொல்லச் சொன்னாருமா பையன். வேற ஒரு கொறயும் சொல்லல."

பொருத்தம் பார்த்த பிறகுதான் வந்தார்கள். பஜ்ஜியைப் பற்றி அவன் இப்போதும் வாய் திறக்கவில்லை. நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வீடியோவை அழித்தேன். எல்லார் போனிலும் இருக்கிறது.

புதன்

அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அனந்தபுரத்திலிருந்து ஒரு வரன், ஞாயிறு வருகிறார்கள். இந்த முறை சிவப்புப் புடவை. அம்மா பஜ்ஜிக்குச் சொல்லப் போனாள். "தம்பிய அனுப்பாத," என்றேன். "கடக்காரரையே பின்பக்கமா கொண்டாந்து குடுக்கச் சொல்லு."