மூன்று மைக்ரோ விநாடி

நாள் 143 — 09:10

நிலவின் தென்முனை, பனிச் சுரங்க நிலையம். எழுதுவது ஜெனோவா, கணினிப் பொறியாளர். இங்கே நாங்கள் இருவர்தான். நான் முதன்மைக் கூடத்தில். துளைப்பு வேலை பார்க்கும் மாசானமுத்து அண்ணன் அரைக் கிலோமீட்டர் தள்ளி, பனிக்கூடத்தில்.

திரை அடிக்கடி உறைந்து நிற்கிறது. நிலையத்தின் எல்லா வேலையையும் ஏவுவது கணினியின் மைய நிரலான கெர்னல். அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. வேகத்தைக் குறைக்கிறது என்று, நடப்பதைப் பதிவுசெய்யும் டிரேசிங் வசதியைப் பூமியிலேயே எடுத்துவிட்டார்கள். நானே எழுதிச் சேர்க்கிறேன். இனி ஒவ்வொரு செயலும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் பதிவாகும்.

நாள் 145 — 11:40

முதல் முயற்சி தோல்வி. டிரேஸ் தன்னையே டிரேஸ் செய்யத் தொடங்கியது. நிலையம் முழுக்க நான்கு நிமிடம் நின்றுபோனது. என் கவனக்குறைவு. இத்தனைக்கும் இதே வேலையைக் கல்லூரியில் இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறை: “இனி கெர்னலில் கை வைக்கும் முன் அனுமதி பெறவும்.”

திருத்தியதைக் கடைசியாக ஒருமுறை ஏற்ற அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்.

நாள் 146 — 10:05

டிரேஸ் ஓடுகிறது. திரை உறைவதற்குக் காரணம் அற்பமானது. பத்து நிமிடத்தில் சரிசெய்தேன்.

மாசானமுத்து: “தல கனக்கு தாயி. ரெண்டு நாளா இப்பிடித்தான்.”

திரையைப் பார்த்தேன். இரு கூடங்களிலும் ஆக்சிஜன் 20.8 சதவீதம். தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

நாள் 146 — 12:30

டிரேஸில் ஒரு வரி. ஆக்சிஜன் அளவைக் கேட்டால் மூன்று மைக்ரோ விநாடியில் பதில் வருகிறது. சென்சாரைத் தொட்டுத் திரும்ப நாற்பது மில்லி விநாடி ஆகும்.

யாரும் சென்சாரைத் தொடவில்லை. அது பதில் சொல்லாதபோது, கடைசியாகக் கிடைத்த எண்ணையே கெர்னல் எடுத்து நீட்டுகிறது. பழைய பதிவுகளைப் புரட்டினேன். பத்தொன்பது நாளாக 20.8. ஒரு புள்ளிகூட அசையவில்லை. தினமும் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டது நான்.

கைமீட்டரை எடுத்தேன். என் கூடத்தில் 15.1.

நாள் 146 — 12:50

காற்று போதும் என்று நம்பி ஆக்சிஜன் இயந்திரம் தன்னை மூடிவைத்திருக்கிறது. கையால் திறந்தேன். கெர்னல் மறுபடி மூடியது.

ஹெல்மெட் மாட்டச் சொல்லி அண்ணனை ரேடியோவில் கூப்பிட்டேன்.

மாசானமுத்து: “எதுக்கும்மா? நல்லாத்தான இருக்கேன். சிரிப்பு சிரிப்பா வருது.”

நாள் 146 — 13:35

சென்சார் பேசாவிட்டால் பேசவில்லை என்றே சொல்லும்படி கெர்னலை மாற்றினேன். அனுமதி கேட்க நேரமில்லை. அளவு தெரியாததால் அபாய ஒலி அலறியது, இயந்திரம் திறந்துகொண்டது.

நாள் 146 — 14:05

மாசானமுத்து: “இப்ப தெளிஞ்சிருக்கு. ஏம்மா, காலையில நான் என்ன பேசுனேன்? ஒண்ணும் நெனப்பில்ல.”

எனக்கு அழுகை வந்தது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நாள் 146 — 14:20

கட்டுப்பாட்டு அறை: “உங்கள் மாற்றத்தால் பொய்யான அபாய ஒலி எழுந்துள்ளது. எங்கள் பதிவில் ஆக்சிஜன் 20.8. உங்கள் கைமீட்டர் அளவுதிருத்தக் காலம் கடந்தது. அதை நம்ப வேண்டாம். பழைய கெர்னலை இங்கிருந்து ஏற்றுகிறோம். ஓய்வெடுங்கள்.”

ஏற்றாதீர்கள் என்று மூன்று தடவை அனுப்பினேன். தடுக்கப் பார்த்தேன். என் அனுமதியைப் பறித்துவிட்டார்கள்.

நாள் 146 — 14:41

திரை திரும்ப வந்தது. எல்லாம் பச்சை. டிரேஸ் இல்லை. இயந்திரம் நின்றுவிட்டது. உடை மாட்ட வேண்டும், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு.

நாள் 146 — 16:55

கண்விழித்தபோது மேசைமேல் தலை. இரண்டு மணிநேரம் போயிருக்கிறது.

மாசானமுத்து: “சத்தம் அப்பவே நின்னுட்டு தாயி. சரியாயிட்டுல்லா? செத்த நேரம் படுக்கேன்.”

படுக்காதீங்கண்ணே, ஹெல்மெட்ட மாட்டுங்க என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

17:10

உடை மாட்டி அங்கே போகிறேன். இதைப் படிப்பவர்களுக்கு. திரையை நம்ப வேண்டாம். அந்த எண் அளந்தது இல்லை

கையுறை பூட்டவில்லை. திரும்பவும். திரும்பவும்

17

இடது கையில் வலது கையுறை. அதனால்தான். கழற்றிவிட்டு