தீவுக்குப் போகாத படகு

ஓகஸ்ட், ஞாயிறு இரவு

இத்தாலியிலிருந்து தம்பி இன்றும் அழைத்தான். சிறுவயதில் ஆடிய பழைய கணினிச் சாகச விளையாட்டை ஞாயிறுதோறும் அழைப்பிலேயே சேர்ந்து ஆடுகிறோம். அதை வெளியிட்ட நிறுவனம் மூடப்பட்டுப் பல வருடமாயிற்று. ஆனாலும் அதன் சின்னம் திரையில் வந்ததும் தம்பி அதோடு வரும் இசையை வாயால் பாடுகிறான்.

சிறுவயதில் போலவே இன்றும், விளையாட்டில் கடைசித் தீவுக்குப் போகும் படகு நகரவில்லை.

"அக்கா, இன்டர்நெற்றில விடை கிடக்கும். பாக்கட்டா?"

"பாத்தியெண்டா உன்னோட கதைக்க மாட்டன்."

"சரி, கோவிக்காதீங்க. அடுத்த ஞாயிறும் படகைத் தள்ளிப் பாப்பம்."

அவன் அழைப்பை வைத்த பிறகுதான் கவனித்தேன். படகு கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரான தலவிலக் கடற்கரையில் படகை மணலில் இழுத்து விடுகிறவர்கள் நாங்கள். கட்டியிருக்கும் என்ற நினைப்பே வரவில்லை. அவிழ்த்தால் தீவு. தீவோடு விளையாட்டு முடிந்துவிடும். பிறகு எதைச் சொல்லி அழைப்பான்?

கயிற்றைத் தொடாமல் கணினியை அணைத்துவிட்டேன்.