பதினெட்டால் பெருக்காத எண்

என் அன்பு அக்கா,

நீ போய் மூன்று மாதமாகிறது. கடைக்காரன் கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டு வருகிறேன். பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாய்.

ரத்மலானையில் ஒரு கார்மென்ட்ஸில் இருபது வருடம் கோஸ்டிங் பார்த்தவள் நீ. ஒரு சட்டைக்கு எத்தனை மீற்றர் நூல், ஒரு பொத்தானுக்கு எத்தனை சதம் என்று கணக்குப் போட்ட கை, வேலையை விட்ட பிறகும் சும்மா இருக்கவில்லை. வெள்ளவத்தையில் தேங்காயெண்ணெய்க் கடைக்காரன் போத்தலுக்கு ஒரு விலை சொன்னால், போத்தல் எழுநூற்றைம்பது மில்லிதானே, அப்படியென்றால் லீற்றருக்கு இவ்வளவு, பக்கத்துக் கடையில் இதைவிடக் குறைவு என்று சிங்களத்திலேயே அவனை மடக்குவாய். நீ வருவதைக் கண்டாலே "அம்மோ, நோனா ஆவா", ஐயோ அம்மணி வந்துவிட்டா, என்று சிரிப்பான். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்னும். உன்னைத் தெரியாதவள் மாதிரித் தள்ளி நின்று வாழைப்பழம் பார்ப்பேன்.

உனக்குச் சீனி வருத்தம் வந்தபோதும் அதே புத்திதான். இரத்தத்தில் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் ஐம்பது உள்ள பெட்டியின் விலையை ஐம்பதால் வகுத்தாய். "ஒரு தரம் குத்திப் பார்க்க ஒரு றாத்தல் பாணின்ர விலை வருது. கிழமைக்கு ஒருக்காக் காணும்" என்றாய். எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்தவள், உன் விரலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதிலுமா மிச்சம் பிடிக்க வேண்டும்? அப்போது நான் ஏன் உன்னோடு சண்டை பிடிக்கவில்லை?

அதைக் கேள்விப்பட்டுத்தான் தம்பி லண்டனிலிருந்து சீனி பார்க்கும் புது மீற்றரும் நாலு பெட்டி ஸ்ட்ரிப்பும் அனுப்பினான். "பெரியக்கா இனிக் காசு பார்க்காமல் குத்தட்டும்" என்று போனில் சொன்னான். நீ அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாய். பழைய ஸ்ட்ரிப் முடிந்த பிறகு இதைத் தொடங்கலாம் என்று எடுத்து வைத்தாய்.

அடுத்த கிழமை உனக்குக் காய்ச்சல். ஒரு மத்தியானம் எழும்ப முடியவில்லை, தலை சுற்றுகிறது என்றாய். பழைய ஸ்ட்ரிப் முடிந்திருந்தது. நீ கண்ணாடி போடாமல் கண்ணை மூடிப் படுத்திருந்தாய். புது மீற்றரை நான்தான் எடுத்தேன், நான்தான் குத்தினேன், நான்தான் வாசித்தேன். பத்தொன்பது தசம் ஆறு.

பழைய மீற்றரில் நூற்றிருபது, நூற்றெண்பது என்றுதானே பார்த்திருக்கிறோம்? எழுபதுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து, உடனே சீனி கொடுக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பத்தொன்பது என்றால் உயிரே போய்விடாதா? நாலு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணீர் கொண்டு ஓடி வந்தேன்.

அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பக் குத்தினேன். இருபத்திரண்டு. சீனிப்பாகில் செய்த நெல்லிக் கிரஷ் கரைத்துத் தந்தேன். இருபத்தாறு. "ஏறுது அக்கா, ஏறுது!" என்று உன் கன்னத்தைத் தடவினேன். "வாய் காயுது. வெறும் தண்ணி தா, சீனி வேண்டாம்" என்றாய். "கதைக்காமல் குடி" என்று அதட்டினேன். நான் சொன்னேன் என்பதற்காக நீ குடித்தாய்.

மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மீற்றரையும் கையோடு எடுத்துப் போய், சீனி எப்படி ஏறியது என்று அங்கிருந்த இளவயது டாக்டர் பிள்ளைக்குப் பெருமையாகக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. "அன்ரி, இது லண்டன் மீற்றர். அங்க வேற அளவு. இதைப் பதினெட்டால பெருக்கினாத்தான் எங்கட கணக்கு வரும்" என்றார். எண்ணுக்குக் கீழே எறும்பளவில் அந்த அளவின் பெயர் இருந்தது. பத்தொன்பது தசம் ஆறைப் பதினெட்டால் பெருக்கிப் பார்த்தேன். முன்னூற்றைம்பதுக்கும் மேலே. அதற்கு மேல்தான் நான் உனக்குச் சீனி ஊட்டியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். நெஞ்சில் கிருமி பிடித்து இரத்தத்தில் கலந்துவிட்டது, அதுதான் காரணம், தேத்தண்ணீர் இல்லை என்று அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். உண்மையாக இருக்கலாம். என்னைத் தேற்றச் சொன்னதாகவும் இருக்கலாம். இதை இனி யாரிடம் கேட்பேன்? உன்னை உலுப்பி எழுப்பி ஒரு தரம் காட்டியிருந்தால், "என்ன அளவு எண்டு பார்த்தனியோ?" என்று நீதானே முதலில் கேட்டிருப்பாய். கண்ணாடியை எடுத்து உன் மூக்கில் வைக்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

கீழ்வீட்டு பரீனா டீச்சருக்கும் மகள் கனடாவிலிருந்து அப்படியொரு மீற்றர் அனுப்பியிருக்கிறாள். பதினொன்று என்று காட்டியதாம். பழுதாகிவிட்டது என்று மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தார். நான் போய் அதன் முதுகில் "பதினெட்டால் பெருக்கவும்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

தம்பிக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறான். "சின்னக்கா, நான் அனுப்பின மீற்றர் கடைசி நேரத்தில உதவினதோ?" என்று கேட்கிறான். "ஓமடா" என்கிறேன். அதைக் கேட்டு அவன் ஆறுதலாக ஒரு பெருமூச்சு விடுவது இங்கே கேட்கும். அந்த ஆறுதலைப் பறிக்க மனம் வரவில்லை. ஆனால் போன ஞாயிறு, "கொட்டாஞ்சேனை மாமிக்கும் அதே மாதிரி ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறன்" என்றான். மாமி தனியே இருப்பவர், கண்பார்வையும் மட்டு. இங்கேயே வாங்கலாம் என்று மழுப்பிப் பார்த்தேன். "பெரியக்காவுக்குச் செய்ததை மாமிக்கும் செய்யோணும்" என்று பிடிவாதமாக நிற்கிறான்.

மற்றவர்களும் அளவைப் பார்க்கட்டும் என்று இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அது அச்சில் வருவதற்கு முன், அவனுக்கு நானே சொல்லிவிடுவேன் அக்கா. "நீ அன்போடுதான் அனுப்பினாய் தம்பி, பிழையாக வாசித்தவள் நான்" என்று சொல்வேன். இல்லை, அளவைப் பார்க்காமல் வாங்கியவன் நான்தான் என்று அவன் அழுவான். எனக்கு அவனைத் தெரியும். அவன் அழுது ஓயும்வரை நான் போனை வைக்கமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

என்றைக்கும் உன் தங்கச்சி,
வாணி